பேயோட்டி அழித்த கோடு

தோண்டும் இடத்து அலுவலகத்தில் அவளைப் பேயோட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வாய் வரவில்லை.

அவள் பேய் ஓட்டியது கம்ப்யூட்டரில். பூமிக்கடியில் கிடைத்த பழங்காலத்து அறையை ஸ்கேனர் சுற்றிச் சுற்றி அளந்துகொண்டு வரும். அந்த அளவுகளையெல்லாம் கோத்து, விஆர் கண்ணாடியை மாட்டியவர் அந்த அறைக்குள்ளேயே நிற்பதுபோல ஆக்கித் தருவது அவள் வேலை. ஸ்கேனர் சுழலும்போது எவனாவது குறுக்கே போய்விட்டால் பாதி முதுகும் காலில்லாத இடுப்புமாகப் படத்தில் தொங்குவான். அதற்குத்தான் பேய் என்று பெயர். அதனால் ஒரே இடத்தை இரண்டு தடவை ஸ்கேன் செய்வார்கள். இரண்டிலும் இருப்பது நிஜம். ஒன்றில் மட்டும் இருந்தால் பேய், அழித்துவிடலாம்.

அழிப்பது அவளுக்குக் கைவந்த கலை. இதற்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை மணப்பெண்ணின் மச்சத்தைப் பரு என்று துடைத்துவிட, "இது எங்க பொண்ணே இல்ல" என்று பெண்ணின் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அவள் கணவன் அதே இடத்தில் மண் தோண்டுகிறவன். கூட்டாளி ஒருவன் உண்டு, ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பதால் ஒட்டடை என்று பெயர். இருவரும்தான் அந்த அறையின் உள்ளே வேலை. பாதுகாப்புப் பொறியாளருக்கு முட்டிவலி, ஏணியில் இறங்க மாட்டார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியை மாட்டி, அண்ணாந்து பார்த்துவிட்டு, "கூரை சுத்தமா இருக்கு, எறங்கலாம்" என்பார். ஒருநாள் சாயங்காலம் கணவனும் மாட்டிப் பார்த்தான். "உன் கை பட்டா கல்லுகூட வழவழன்னு ஆயிடுது" என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் புது ஸ்கேன் வந்தது. கூரையின் மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு ஓடியது. 'இதை நேத்தே ஓட்டினோமே' என்று மவுஸை நகர்த்தியவளின் கை நின்றது. குறுக்கே போன ஆள் அதே இடத்தில் மறுபடியும் எப்படி நிற்பான்?

முந்தின நாளின் மூல ஸ்கேன்களைத் திறந்தாள். காலையில் எடுத்ததில் கோடு இல்லை. மதியம் எடுத்ததில் மெல்லிசாக இருந்தது. ஒன்றில் மட்டும்தானே இருக்கிறது என்று அழித்திருக்கிறாள். இன்றைக்கு அது விரல் நுழையும் அகலம்.

விரிசல்!

கணவனுக்கு போன் போட்டாள். பூமிக்கடியில் சிக்னல் ஏது? பொறியாளரின் அறை வாசல்வரை போனாள். உள்ளே போனால் முதல் கேள்வியே யார் அழித்தது என்றுதான் வரும். அந்த மாதம்தான் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். தன் ஆளை முதலில் வெளியே எடுத்துவிடுவோம், மற்றதைப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். அவளை முழுசாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை, சும்மா விடவும் முடியவில்லை.

குழியின் விளிம்பில் மண்டியிட்டுக் கத்தினாள். "என்னங்க! சீக்கிரம் மேல வாங்க! பாப்பா ஸ்கூல்ல விழுந்துட்டாளாம்!"

ஏணி தடதடத்தது. மண் கையோடு ஏறி வந்தான். "எங்க அடி? தலையிலயா?"

"கால்லதான். வாங்க, போலாம்."

வாசல் கேட்டுவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவனோ நடந்தபடியே சொன்னான், "ஒட்டடைகிட்ட சொல்லிட்டேன். நீ பாப்பாவப் பாருண்ணே, உன் பங்கையும் நானே தோண்டிடறேன்னு சொல்லிட்டான். தங்கமான பய."

அவள் நின்றுவிட்டாள்.

"அவனையும் மேல வரச் சொல்லுங்க."

"அவன் எதுக்கு?"

"கூரையில விரிசல் இருக்குங்க. நேத்தே இருந்துச்சு. பேய்னு நெனச்சு நான்தான் அழிச்சேன்."

"பாப்பா?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு நினைத்துக்கொண்டாள். "அங்க ஒருத்தன் இருக்கான்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான்.

அவளும் பின்னாலேயே ஓடினாள். உள்ளே தூசி உறிஞ்சும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து அவன் கத்தியது ஒட்டடைக்கு எங்கே கேட்கப்போகிறது? சட்டையைப் பிடித்தாள், உதறிவிட்டு இறங்கினான். மெஷின் சத்தம் நின்றது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள்.

நிரம்பிய மூட்டையைத் தரையில் இறக்கினதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். குழி வாயிலிருந்து தூசி எழும்பியது. தூசிக்குள்ளிருந்து ஏணியைப் பிடித்து இருமிக்கொண்டே ஒட்டடை ஏறி வந்தான். அவனுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை.

"அண்ணன்தான் பின்னாலேர்ந்து தள்ளி விட்டாரு அண்ணி. வந்துட்டிருக்காரு."

அவள் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது அசையவில்லை.