தாலியைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்

போன வருடத் தவக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு நடை தள்ளாடியது. குடித்திருக்கிறார் என்று தருவைகுளம் முழுக்கப் பேச்சு. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரை வாசலிலேயே வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டேன். பிறகு பேச்சும் குழறியது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற மனிதர், சோறு விழுங்கத் திணறினார். ஆண்டவரே, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன் என்று அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "மூளைத்தண்டுல அழற்சி மாதிரி இருக்கு. அபூர்வமான நோய். ஸ்கேன் தெளிவா வந்தாத்தான் மருந்து குடுக்கலாம், அது கேக்குதான்னு பின்னாடி ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றார். ஆனால் அந்த ஸ்கேன் குழாய்க்குள் தள்ளியதும் இவர் அலறி உடம்பை முறுக்கினார். இரண்டு தடவையும் படம் கலங்கிப்போனது. மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்கு ஆபத்தாம். இன்னொரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் மண்டையைத் திறந்து சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"கடலுக்குள்ள போற ஆளுக்கு இதுல என்ன பயம்?" என்று கேட்டேன்.

"அங்கன மச்சினன் கயித்தப் பிடிச்சிருப்பான்ளா. இங்கன எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

எங்கள் பக்கம் குளிக்க இறங்குகிறவரின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பது மனைவியின் கூடப்பிறந்தவன்தான். இவருக்கு என் தம்பி ராயப்பன். அக்காள் தாலிக்கு அவன் பொறுப்பு.

செபமாலையைக் கையில் எடுத்தேன். மாதாவே, பெரிய அற்புதம் கேட்கவில்லை, இவர் அசையாமல் படுத்திருந்தால் போதும் என்று மன்றாடினேன். செபம் முடியும்போது மனதில் பட்டுவிட்டது. கயிறு பிடிக்க நான் உள்ளே போக வேண்டும்.

கேட்டேன். உலோகம் எதுவும் ஆகாது, தாலியையும் கழற்றினால் வரலாம் என்றார்கள். நாத்தனார் குதித்தார்.

"ஏளா, புருசன் உசுரோட கெடக்கும்போது தாலியக் கழத்துதியே, மூள கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"எனக்கில்ல மைனி, ஒங்க தம்பிக்கு. அதப் பாக்கத்தான் போறேன்."

கழற்றி ராயப்பன் கையில் வைத்தேன். அவன் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டான். நான் உள்ளே போனேன்.

உள்ளே இயந்திரம் டமடமவென்று இடித்தது. இவர் கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செபித்தேன். முதலில் கால் விறைத்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது. முடியும்வரை அசையவே இல்லை. ஆண்டவர் கேட்டுவிட்டார்!

படம் பளிச்சென்று வந்தது. மூளைத்தண்டில் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து ஏறியது. மண்டையைத் திறக்கவில்லை.

அன்றைக்கு வெளியே வந்ததும் இவரே தாலியைப் போட்டுவிட வந்தார். சங்கிலிக் கொக்கி இரண்டாகத் தெரிந்திருக்கும். தடவித் தடவிப் பார்த்து, முடியாமல் அழுதுவிட்டார். நானே மாட்டிக்கொண்டேன்.

நோய் முழுசாகப் போய்விடவில்லை. மாத்திரையைக் குறைக்கும்போது திரும்பி வரலாம் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் தாலியைக் கழற்றுகிறேன், காலைப் பிடிக்கிறேன். படத்துக்குப் படம் புள்ளிகள் குறைகின்றன. கடலில் இனி இறங்கக்கூடாது என்றதால் கரையில் சங்கு தரம் பிரிக்கிறார். திருவிழாவுக்கு மட்டும் கோயிலுக்கு வந்தவர், இப்போது எனக்கு முன்னால் பூசைக்குக் கிளம்பி நிற்கிறார்.

அன்பானவர்களே, பெரிதாகக் கேட்க வாய் வரவில்லையா? இன்றைக்கு வேண்டிய சின்னதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய் உங்கள் கையாலும் பிடியுங்கள். ஆண்டவர் விடமாட்டார்.

போன வாரமும் ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா படத்தைப் பார்த்துச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் தாலிக் கொக்கியை முதல் தடவையிலேயே மாட்டிவிட்டார்.