கண்கட்டோடு மகள் நடத்திய போர்

பந்து பட்டது மகளின் வலது கண்ணில். ஊட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தபோது நானும் குனிந்து பார்த்தேன். கருவிழியின் கீழ்ப்பாதியில் ரத்தம் மட்டமாகத் தேங்கி நின்றது, டம்ளரின் அடியில் மிஞ்சிய டிகாக்‌ஷன் மாதிரி.

இரண்டு கண்களையும் கட்டிவிட்டார்கள். தலையணையை உயர்த்தி வைத்து ஐந்து நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். துள்ளக் கூடாது, அழக் கூடாது, தலையைச் சட்டென்று திருப்பக் கூடாது. ரத்தம் தானாக வடிந்துவிட்டால் பார்வைக்கு ஒன்றுமில்லை, அதற்குள் மறுபடி கசிந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பவள்.

பகலெல்லாம் அவள் அருகில் இருக்க எனக்கு நேரம் இருந்தது. தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. நடுவட்டம் பக்கத்தில் ஓர் எஸ்டேட் பேக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாரத்தில் பாதி நாள் மெஷின் ஓடாது. ஓடாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. மனைவி பள்ளி ஆசிரியை. அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது என்பதால் அவளால் லீவு போட முடியவில்லை. பகலில் நான், சாயங்காலத்துக்கு மேல் அவள் என்று முறை வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் மதியத்துக்குள் எனக்குத் தெரிந்த கதைகள் தீர்ந்துவிட்டன. போர்வைக்குள் அவள் கால் ஆடத் தொடங்கியது. கால் ஆடினால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் தலை ஆடும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பா, அம்மாகிட்டச் சொல்லி என்ற கேமை எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

“கண்ணைக் கட்டிட்டு என்ன கேம் ஆடுவே?”

“நீங்க ஆடுங்க. நான் சொல்றேன்.”

எஸ்டேட்டில் இனி பிழைப்பில்லை என்று துபாய்க்குப் போன மைத்துனன் அனுப்பிய கருவி அது. இரண்டு பென்சில் பேட்டரி, உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. திரைக்குத் தனியாக வெளிச்சம் கிடையாது, வெளிச்சம் படும் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதாவது தெரியும். அதை வைத்துக்கொண்டு அவள் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று நான் திட்டாத நாளில்லை. மறுநாள் காலையில் அதையே பொட்டலம் பிரிப்பதுபோலக் கவனமாகக் கையில் எடுத்தேன்.

சதுரம் சதுரமாகக் கோடு போட்ட ஒரு நாடு. அதில் நம் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர்: வாள்காரன், ஈட்டிக்காரன், வெள்ளைக் குதிரைக்காரன், கோலை நீட்டிக் காயத்தை ஆற்றும் வைத்தியக்காரி, பறக்கும் குதிரையில் வரும் ஒரு பெண். ஒவ்வொருவரையும் ஒரு முறை நகர்த்தலாம். எல்லோரையும் நகர்த்தி முடித்த பிறகுதான் எதிரியின் முறை. நாம் யோசிக்கும் வரை அவன் கைகட்டிக் காத்திருப்பான். எதற்கும் பதறும் எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. உலகத்தில் வேறு யார் அப்படிக் காத்திருக்கிறார்கள்?

ஒரே ஒரு விதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஆள் செத்தால் செத்ததுதான், திரும்ப வரவே மாட்டான். கருவியை அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆடலாமே என்றேன்.

“அது கள்ளாட்டம்ப்பா” என்றாள். “ஒரு வருசமா ஒருத்தரையும் சாக விடாம கொண்டாந்திருக்கேன். நீங்க பாத்து ஆடுங்க.”

யாராவது செத்தால் அழுவாள். அழுதால் கண் என்ன ஆகும்? பொத்தானைத் தொடும் ஒவ்வொரு முறையும் எனக்கு இதே நினைப்புத்தான்.

அவள் தலைக்குள் அந்த நாட்டின் வரைபடம் இருந்தது. நான் பார்த்ததைச் சொன்னால் போதும். “வாள்காரனுக்கு வலப்பக்கம் ரெண்டு கட்டம் தள்ளிக் கோடாலிக்காரன்” என்பேன். “வாள் கோடாலியை ஜெயிக்கும், போகச் சொல்லுங்க” என்பாள். நான் போக விடாமல் ஒரு கட்டம் பின்னால் இழுப்பேன். கருவியின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

“எல்லாரையும் மறுபடி மூலைல கொண்டுபோய் ஒளிச்சு வெச்சுட்டீங்களா?”

“ஒளிக்கலை சாமி. சும்மா, கொஞ்சம் பாதுகாப்பா.”

அடுத்த கட்டிலில் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஓவேலிக்கார அக்கா ஒருவர் படுத்திருந்தார். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர். இங்கே கொழுந்து எடுத்த எஸ்டேட்டும் பூட்டிக் கிடந்தது. ஒரு கண்ணில் பஞ்சு, மறு கண்ணால் கூரையைப் பார்த்தபடி அன்று முழுக்கப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் கேட்டார்.

“அந்த வெள்ளக் குதிரக்காரன் கலியாணம் கட்டினவனா, இல்லியா?”

“தெரியலைங்க அக்கா.”

“வைத்தியக்காரப் புள்ள பக்கத்துலயே நிக்கிறானே, அதான் கேட்டேன்.”

மகள் தலையை அசைக்காமல் உதடு மட்டும் விரியச் சிரித்தாள். அதன்பிறகு எங்கள் படையில் அக்காவும் சேர்ந்துகொண்டார். ஊசி போட வரும் சிஸ்டர்கூட, “என்ன, கோட்டையப் புடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

நான்காம் நாள் வந்தது பனிமூட்டப் போர். திரை முழுவதும் சாம்பல் பூசியிருந்தது. நம் ஆளைச் சுற்றிச் சில கட்டங்கள் மட்டும் தெளிவு, அதற்கு அப்பால் எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாது. எனக்கோ முதல் தடவையாக ஆட்டம் புரிந்ததுபோல் இருந்தது. பனி இறங்கினால் எங்கள் எஸ்டேட்டில் ஆட்களைச் சிதற விடமாட்டார்கள். காட்டெருமை எந்தப் புதரிலிருந்து வரும் என்று தெரியாது, அதனால் தோளோடு தோள் இடிக்காத குறையாக ஒரே வரிசையில் நிறுத்தி, குரல் கொடுத்துக்கொண்டே நகர்த்துவார்கள். நானும் அப்படியே எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினேன். வைத்தியக்காரியைப் பின்னால் வைத்தேன்.

“வரிசையாவா?” என்றாள் மகள். “முன்னாடி ஒருத்தனை வேவு பாக்க அனுப்போணும்ப்பா.”

“ஒருத்தனைத் தனியா பனிக்குள்ள அனுப்பச் சொல்றியா? நான் மாட்டேன்.”

“தனியாப் போனவன அப்புறம் யாரு போயி தேடுறது?” என்றார் அக்கா.

மகள் கொஞ்சம் யோசித்தாள். “செரி, வரிசையாவே போங்க. ஆனா நிக்காம போங்க.”

அந்த நேரம் பார்த்து வெளியிலும் பனி ஏறியது. வார்டு இருண்டது, கரண்டும் இல்லை. திரையில் என் மூக்குதான் தெரிந்தது. கடைசி ஜன்னலில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்க, அங்கே ஓடினேன். மகள் சத்தம் போடக் கூடாது. அவள் மெதுவாகச் சொல்ல, அக்கா அதை வார்டு முழுக்கக் கேட்கும்படி எனக்கு எட்ட வைத்தார்.

“ஈட்டிக்காரன மேடேறச் சொல்லுது புள்ள.”

“ஏறிட்டான்.”

“ஏறிட்டானாம். என்னா தெரியுதுன்னு கேக்குது.”

“ரெண்டு வில்லுக்காரன். அவங்களுக்குப் பின்னால தலைவன்.”

பனிக்குள்ளிருந்து எதிரிகள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் மோதினார்கள். யாராலும் நுழைய முடியவில்லை. காயம் பட்டவன் பின்வாங்கினால் வைத்தியக்காரி கோலை நீட்டினாள், அடுத்தவன் அந்த இடத்தை அடைத்தான். பேக்டரி, சம்பளம் எல்லாம் மறந்துபோயிருந்தது. வருஷக்கணக்கில் எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை, அதுவும் சந்தோஷத்தில்.

கடைசியில் தலைவனுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது பறக்கும் குதிரைக்காரி மட்டும்தான். அவள் அடி தலைவன்மேல் பட்டால் போர் முடிந்தது. தவறினால் இரண்டு வில்லுக்காரர்களும் சேர்ந்து அவளை வீழ்த்திவிடுவார்கள், பறப்பவர்களுக்கு அம்புதான் எமன். அடி படும் வாய்ப்பு எவ்வளவு என்று ஆட்டமே எண் போட்டுக் காட்டும். பாதிக்கு மேல் இருந்தது, கொஞ்சம்தான் மேல்.

கட்டிலருகே வந்து அதை அப்படியே சொன்னேன். “பின்னால இழுத்துடலாமா கண்ணு?”

“இழுத்தா வில்லுக்காரன் அடுத்த முறை எட்டிருவான். எப்படியும் ஆபத்துத்தான்.” மூச்சு விட்டாள். “அடிங்கப்பா.”

மறுபடி ஜன்னலுக்குப் போகவில்லை. இருட்டில் நின்றபடியே பொத்தானை அழுத்தினேன். அழுத்திய கணம் என் கண் திரையில் இல்லை, தலையணையில் இருந்தது. அந்தத் தலை எழுகிறதா, கட்டுக்கு அடியில் நனைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல்கள் மெத்தையைப் பிடித்தன. தலை மட்டும் கல் மாதிரி அப்படியே கிடந்தது.

இசை மாறியது. எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“விழுந்துட்டான்” என்றாள், மிக மெதுவாக. “எப்படி விழுந்தான்? சொல்லுங்கப்பா.”

“பாக்கலை கண்ணு. உன்னையப் பாத்துட்டு இருந்தேன்.”

“மூணு நாளா தூசி தும்பெல்லாம் சொன்னீங்க. இதைப் போய்ப் பாக்காம விட்டுட்டீங்களே.”

“ரெண்டு கண்ணும் தெரியிற ஒரே ஆளு அவருதான்” என்றார் அக்கா. “அவரும் பாக்கல.” மூன்று கட்டில் தள்ளி யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். ரத்தம் வடிந்திருந்தது. டாக்டர் காட்டிய விரல்களைச் சரியாகச் சொன்னாள், சுவரில் இருந்த சின்ன எழுத்துகள்வரை படித்தாள். நான் வெளியே போய் வராந்தாப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

சில வாரம் கழித்து, திரை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பனிமூட்டப் போருக்கு முந்தைய நிலையை அவள் சொல்படி நான் தனியாகச் சேமித்து வைத்திருந்தேன். “இது கணக்குல வராது, சும்மா காட்டறதுக்கு. இப்பவாச்சும் பாருங்க” என்று அதே வரிசையை நிறுத்தி, அதே இடத்துக்குப் பறக்கும் குதிரைக்காரியைக் கொண்டுபோனாள். அதே எண். அழுத்தினாள்.

அடி தவறியது. வில்லுக்காரர்கள் இருவரும் திரும்பினார்கள். குதிரைக்காரி மெல்ல மங்கி மறைந்தாள்.

“அடடா” என்று சிரித்துக்கொண்டே மகள் அணைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அவள் திரும்பி வந்தபோதும் நான் அணைந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னங்கப்பா? இது கணக்குல வராதுன்னேனே” என்றாள்.

ஆமாம் என்றேன். பிறகு அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, வலது கண்ணை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.