பூக் கேட்டுப் பூட்டிய காத்தாடி

எங்கள் தோட்டத்துக்கு மேலேயே அப்பா மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. மேட்டூரில் ஆற்றை மறித்து அணை கட்டியதும் தண்ணீர் ஏறி வந்து தோட்டம், வீடு, மாட்டுக் கொட்டகை, கிணறு எல்லாவற்றையும் மூடிவிட்டது. நாங்கள் மேற்குக் கரையில் மேடேறிக் குடிசை போட்டோம். ஏர் பிடித்த கையால் அப்பா வலை பிடிக்கக் கற்றுக்கொண்டார். படகையும் அவர் உழுகிற மாதிரிதான் ஓட்டுகிறார் என்று கரையில் இருந்தவர்கள் கேலி பேசுவார்கள்.

எனக்கு அந்தத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. காரணம் எங்கள் கிணறு. அதன் பக்கம் போகாதே, போகாதே என்று மிரட்டியே என்னை வளர்த்திருந்தார்கள். அந்தக் கிணறு இப்போதும் அடியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது, மேலே போகிற படகை எந்த நேரமும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று நான் உறுதியாக நம்பினேன். அப்பா படகைத் தள்ளும்போதெல்லாம் குடிசைக்குள் ஓடிப் போய்விடுவேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் மாமன் வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. கோயமுத்தூரில் மில் வேலை. அப்பாவுக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கலாகி வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. என்ன மனத்தாங்கல் என்று கேட்டிருந்தால் இரண்டு பேருக்குமே நினைவு இருந்திருக்காது. அவர் ஒரு நாள் மாட்டு வண்டியில் சாக்கு சுற்றிய மோட்டார் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஊட்டி ஏரியில் யாரோ ஒரு துரை படகுக்கு மாட்டி ஓட்டியதாம். சீமைக்குப் போகும்போது விட்டுப் போய்விட்டாராம். தம்பி மறுபடியும் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மோட்டாரைப் படகின் பின்புறம் மாட்ட வேண்டும். அதன் அடியில் தண்ணீருக்குள் ஒரு பித்தளை விசிறி சுற்றிப் படகைத் தள்ளும். மாமன் அதைப் புரப்பெல்லர் என்றார். எங்களுக்கெல்லாம் அது காத்தாடி. மோட்டாரோடு வந்த காத்தாடிகள் இரண்டு. ஒன்று பெரிது, அகல இலை. மற்றது சிறியது, ஒடுங்கிய இலை. எதை மாட்டுவது என்பதில் வந்தது வினை.

மாமனுக்குப் பெரியதுதான் பிடித்தது. அந்தியூர்ச் சந்தையில் காளை பார்க்கிறவர் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தட்டிக் கொடுத்தார். இலை பெரிதாக இருந்தால் ஒரு சுற்றுக்குத் தள்ளுகிற தண்ணீரும் அதிகம் என்பது அவர் கணக்கு. வெறும் படகில் மாட்டி ஓட்டியும் காட்டினார். படகு பறந்தது. அப்பா தலையை ஆட்டவில்லை.

“வெறும் படகுக்கு எதைப் போட்டாலும் ஓடுமுங்க மாப்ள. ஈர வலையும் மீனும் ஏத்திக்கிட்டுக் காத்துக்கு எதுக்க வரோணுமில்லீங்க? மாடு சிறுசு, சால் பெருசுன்னா எப்படிக் கெணத்துத் தண்ணி எறைக்கிறது?”

மாமன் முகம் சுண்டிவிட்டது. “மில்லுல நான் பாக்காத மோட்டாருங்களா மச்சான்? என்ற பேச்சு இங்க எடுபடாதுன்னா வந்த வழியே போயிக்கறேனுங்க.”

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. அம்மாவின் முகத்தில் இருந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை. அப்பாவையும் பார்த்தாள், தம்பியையும் பார்த்தாள். பிறகு மெதுவாக, “ஏனுங்க, அம்மங்கிட்டப் பூக் கேட்டுப் போடலாமுங்க” என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், பார்வைக்கு ஒன்றுபோல் இலையில் கட்டி அம்மன் முன்னால் போட்டு, சின்னக் குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்ததாக அர்த்தம். பித்தளைக் காத்தாடிக்குப் பூக் கேட்ட குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்கள் இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அம்மனிடம் தோற்றால் அதில் யாருக்கும் மானக்கேடு இல்லையே.

வெள்ளை வந்தால் பெரியது, சிவப்பு வந்தால் சிறியது என்று பேச்சு. பொட்டலங்களை அம்மா கட்டினாள். எடுத்தது நான். மூழ்கிய கோயிலிலிருந்து தூக்கி வந்து வேம்படியில் நிறுத்தியிருந்த அம்மன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டேன். பிரித்தார்கள்; வெள்ளை. மாமன் சிரித்தார். அப்பா கும்பிட்டார். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட்டுவரச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாள். தண்ணீருக்குப் பக்கத்தில் போக எனக்குப் பயம். அம்மன் கல்லுக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல வலையை மடித்துப் படகில் ஏற்றினாள். அப்பாவும் மாமனும் கிளம்பினார்கள். ஆடி மாதம், மேல்காற்று முதுகில் அடிக்க, படகு ஜோராகக் கிழக்கே போனது. சிக்கல் திரும்பி வரும்போதுதான். மத்தியானத்துக்கு மேல் காற்று ஏறிவிட்டது. தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக அலை. தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. சேற்றில் சிக்கிய பார வண்டியை இழுக்கிற மாடு போல முக்கி முனகியது. படகு ஒரே இடத்தில் நின்றது. அந்த இடம் எங்கள் கிணற்றுக்கு நேர் மேலே என்று எனக்குத் தோன்றியது.

பிறகு சத்தம் நின்றது.

படகு பின்னோக்கிப் போக ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாகியது. அலைக்குள் ஒரு நேரம் தெரிந்தது, ஒரு நேரம் தெரியவில்லை. கரையில் கூட்டம் கூடிவிட்டது. “இந்தக் காத்துக்குப் பரிசல் தாங்காதுங்க, எப்படிப் போறது” என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. என் கைதானே எடுத்தது? மற்றதை எடுத்திருந்தால் அப்பா வந்திருப்பாரே? அதனால்தான் அம்மா என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

அம்மனிடம் ஓடினேன். தப்பாக எடுத்துவிட்டேன், சிவப்பைத்தான் எடுக்கிறேன் என்று அழுதுகொண்டே கல்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

அதற்குள்ளும் வெள்ளை அரளி.

அந்த நிமிடம் நான் பயந்த அளவுக்குப் பிறகு வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. என் கை செய்த தப்பு என்றால் கெஞ்சிக் கேட்கலாம். அம்மனே சிவப்பை வெள்ளையாக மாற்றி வைத்திருக்கிறாள் என்றால், அப்பாவை எடுத்துக்கொள்ள அவள் தீர்மானித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அம்மனை ஏறிட்டுப் பார்க்கத் துணிவில்லை. பூவைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. காற்றுக்குள் வண்டு முரலுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. முனகல் இல்லை, சீராக வந்தது. படகு ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தது. அப்பா தலையோடு நனைந்திருந்தார். மாமன் முகத்தில் ரத்தமே இல்லை.

“வலைக்கடியில சின்னக் காத்தாடி கெடந்துதுங்க. மாட்டிப்போட்டு வந்தோம். மாப்ள மறக்காம எடுத்து வெச்சதாலதான் பொழச்சோம்” என்றார் அப்பா.

“நானெங்கீங்க மச்சான் வெச்சேன்? நீங்க வெச்சதுன்னல்ல நெனச்சேன்.”

தான் ஜெயித்ததைச் சொல்லிக் காட்ட மனமில்லாமல் அப்பா மறைக்கிறார் என்று மாமன் நினைத்துக்கொண்டார். தோற்றதை ஒப்புக்கொள்ள மாமன் கூச்சப்படுகிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவே ஒரு சுடுசொல் வந்ததில்லை.

அம்மா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போக அஞ்சி நின்றேன். அவளே என்னை இழுத்து, மூடியிருந்த கையைப் பிரித்தாள். கசங்கிய வெள்ளை அரளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுத்துத் தண்ணீரில் விட்டாள். பிறகு என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

“இந்தக் கை ஒண்ணுமே பண்ணல கண்ணு” என்றாள்.

அம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, அவள் மடியில் விழுந்து சத்தம் போட்டு அழுதேன். பொட்டலம் கட்டியது யார், வலை மடித்தது யார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தம்பியை இழக்கவும் துணியாமல், புருஷனை இழக்கவும் துணியாமல் இருந்த ஒருத்தி, எல்லாம் செய்தது தன் கைதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை.