தோருன் அறுத்த சிவப்பு ஒயர்

"என் மேசையில நல்லாத்தானே ஓடுது" என்று யாராவது சொல்லிவிட்டால் தோருன் ஹோவ்தேவுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். பக்கத்து மேசை எஸ்கில் பாவம், பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். "உன் மேசையையே தூக்கிட்டுப் போய் மலைமேல வெச்சுடலாமா?" என்பாள் அவள். அப்படிப்பட்டவளுடைய மேசையிலேயே ஒரு பெட்டி, மலைமேல் செய்த துரோகத்தை மறைத்துக்கொண்டு, மூன்று வாரம் பத்தரை மாற்றுத் தங்கமாக ஓடிக் காட்டியது. அந்தக் கதைதான் இது.

தோருன் பிறந்தது எங்கள் பனி தேசத்தின் மேற்குக் கடலோரத்து ஹித்ரா தீவில். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவரின் மகள். சிறு வயதிலிருந்தே தலையாட்டத் தெரியாது. முடியாது என்றால் முடியாதுதான். த்ரோண்ட்ஹைம் நகரத்தில் பொறியியல் படித்து ஒரு கணினிச் சில்லு கம்பெனியில் சேர்ந்தாள். நல்ல வேலை, நல்ல மனிதர்கள். ஒரு நாள் அந்த வேலை மொத்தத்தையும் வேறு தேசத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்துவிட்டு, எல்லோருக்கும் பாதாம் மாவு போர்த்திய கிரீம் கேக் வெட்டினார்கள். எங்கள் ஊரில் நல்லதுக்கும் கேக்தான், கெட்டதுக்கும் கேக்தான். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தோருன் தன் துண்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் கடற்காக்கைகளுக்குப் போட்டுவிட்டு, தட்டைக் கழுவித் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். டிராம் ஓட்டும் யூஸ்தெய்ன் அவளைக் கட்டிக்கொண்டது இந்தக் கதையைக் கேட்டபிறகுதான். அந்த மனிதரின் துணிச்சலையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வேகாருடைய சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். பழைய கப்பல் பட்டறைக் கட்டடத்தில் மாடி. வேகார் நல்லவன்தான். குரலை உயர்த்தமாட்டான், யாரையும் புண்படுத்தமாட்டான், எந்தப் பிரச்சினை வந்தாலும் பூசி மெழுகி ஆறப்போட்டுவிடுவான். இந்த மாதிரி நல்லவர்களோடு சண்டை போடுவதைவிடக் கெட்டவர்களோடு போடுவது எவ்வளவோ மேல்.

அவர்கள் செய்தது மலைக்குடில்களுக்கான அவசர அழைப்புப் பெட்டி. செல்போன் எட்டாத உயரத்தில், பனிப்புயலில் மாட்டிக்கொண்டவர்கள் ஒதுங்குவதற்கென்று குடில்கள் உண்டு. சுவரில் பெட்டி, பெட்டியில் ஒரு பெரிய பொத்தான். அமுக்கினால் மலை மீட்புக் குழுவின் குரல் வர வேண்டும். உள்ளே உள்ளங்கை அளவு போர்டில், எல்லாவற்றையும் இயக்கும் மென்பொருளாக லினக்ஸ் ஓடும். அதன் யூஎஸ்பியில் தொங்கும் செயற்கைக்கோள் மோடம்தான் பேச்சை வெளியே கொண்டுபோகும். அந்த மோடம் பெருந்தீனிக்காரன். விழித்திருந்தால் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். குளிர்காலத்தில் சூரியன் தலைகாட்டுவதே அபூர்வம், கூரைமேல் இருக்கும் சூரியத் தகடு சும்மா பனியைச் சுமந்துகொண்டு கிடக்கும். அதனால் வேலையில்லாத நேரமெல்லாம் மோடத்தைத் தூங்க வைத்து, பொத்தானை அமுக்கும்போது மட்டும் எழுப்புவார்கள். தூங்க வைப்பது சுலபம். எழுப்புவதில்தான் இந்தத் தொழில்காரர்களின் ஆயுளில் பாதி போகிறது.

அக்டோபரில் ஸ்டெய்ன்பூ குடிலைப் பராமரிக்கும் குட்முன், விறகு கொண்டுபோகும்போது படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். சாலைப் பணியில் ஓய்வு பெற்ற கிழவர், ஒண்டிக்கட்டை. தவழ்ந்து உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது, குரல் வரவில்லை. மறுநாள் மதியம், அவருடைய நாயைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி சந்தேகப்பட்டுத் தேடி வந்ததால் பிழைத்தார். கடைசி முயற்சியாக அவர் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்திருந்தார். அதோடு பெட்டியின் நினைவில் இருந்ததெல்லாம் அழிந்துபோனது. உண்மையில் அமுக்கினாரா என்பதற்கு அவருடைய வாயைத் தவிர சாட்சி இல்லை.

பெட்டி தோருனுடைய மேசைக்கு வந்தது. உள்ளே நடப்பதைத் திரையில் பார்க்க, போர்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிளை மாட்டினாள். அமுக்கினாள். மோடம் உடனே எழுந்தது. மறுபடி தூங்கவிட்டு அமுக்கினாள். எழுந்தது. குளிர்தான் காரணமோ என்று, எஸ்கில் தன் கடமான் இறைச்சியைப் பதுக்கி வைத்திருந்த ஆபீஸ் ஃபிரீசரில் பெட்டியை வைத்து, கதவிடுக்கு வழியாகக் கேபிளை வெளியே இழுத்துச் சோதித்தாள். இறைச்சிக்கு நடுவிலும் அது சமர்த்தாக எழுந்தது.

மீட்புக் குழுவில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிழவர் தடித்த கையுறையோடு தொட்டுவிட்டு அமுக்கினேன் என்கிறார் என்று பேச்சு. வேகாருக்கு அந்தப் பேச்சு ரொம்ப வசதியாக இருந்தது. உபயோகித்தவரின் தவறு என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றான். எதற்கும் இருக்கட்டும் என்று, மோடம் தூங்கவே கூடாது என்கிற ஒற்றை வரியையும் எல்லாப் பெட்டிகளிலும் போட்டுவிடலாமாம்.

"வேகார், ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றாள் தோருன். "பெரியவர் தப்பா அமுக்கினார்னா மோடத்த ஏன் தூங்க விடமாட்டேங்கற? மோடத்து மேல சந்தேகம்னா பெரியவர் மேல ஏன் பழி போடற?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான் தோருன்."

"யாருக்குப் பாதுகாப்பு? தூங்காம இருந்தா ஜனவரில பேட்டரி செத்துடும். அப்போ கால உடைச்சுக்கறவன் வெயில் வர வரைக்கும் படுத்துக் கிடக்கணுமா?"

வேகார் வழக்கம்போல அமைதியாக, பெட்டிகளை மேலே ஏற்ற வேண்டிய அவசரத்தைப் பற்றியும் வாடிக்கையாளர் பொறுமையைப் பற்றியும் பேசினான். வெள்ளிக்கிழமை வரை பார்க்கட்டும், முடியவில்லையென்றால் திங்கட்கிழமை எஸ்கில் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிவிடுவான் என்று முடித்தான். எஸ்கில் தன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

தோருன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்த குட்முன்னுக்குப் போன் செய்தாள். கோபமாக எடுத்தார்.

"நீயும் கையுறையப் பத்திதான் கேக்கப் போறியா பொண்ணே?"

"இல்ல. எப்படி அமுக்கினீங்கன்னு சொல்லுங்க, போதும்."

"வெறுங்கையால அமுக்கினேன். கையுறையோட அமுக்கினேன். விறகுக் கட்டையால குத்தினேன். விளக்கு எரியும், உள்ள டிக்குனு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கெஞ்சிக்கூடப் பார்த்துட்டேன். நாப்பது வருஷம் டைனமைட் வெச்சுப் பாறைய ஒடைச்ச கை இது. பொத்தான் அமுக்கத் தெரியாதாம்."

அந்த 'டிக்' தோருனுடைய மேசையில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காத சத்தத்தை ஒரு மனிதர் கற்பனை செய்து சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிடத்திலிருந்து அவள் குட்முன்னின் கட்சி. யூஸ்தெய்ன் இரவுச் சாப்பாட்டில், இதற்காக வேலையே போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். போகட்டும் என்றாள். அவர் உருளைக்கிழங்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் ஊர் ஆபீஸ்களில் வெள்ளிக்கிழமை என்றால் வாஃபிள். வானம் இடிந்து விழுந்தாலும் அன்று யாராவது ஒருவர் முறைவைத்து மாவு கரைத்து மின்சார இரும்பு அச்சில் வார்த்தே தீர வேண்டும். அந்த வாரம் எஸ்கிலின் முறை. சமையலறை ஃபியூஸ் போயிருந்ததால் வாஃபிள் இரும்பைத் தூக்கிக்கொண்டு தோருனுடைய மேசைக்குப் பக்கத்தில் கடை போட்டான். சுவரில் காலி இடம் இல்லை. கையில் அகப்பட்ட ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரும்பைச் சொருகினான்.

மணம் வந்ததும் எல்லோரும் தட்டோடு கூடிவிட்டார்கள். ஸ்ட்ராபெரி ஜாம், புளித்த கிரீம், பழுப்புப் பாலாடைக்கட்டி. தோருன் மட்டும் எழுந்திருக்கவில்லை. தன்னைத் திங்கட்கிழமை கைகழுவப் போகிறவர்களோடு உட்கார்ந்து இனிப்புத் தின்ன அவளுக்கு இஷ்டமில்லை. எரிச்சலில், பழக்கதோஷத்தில், மேசையிலிருந்த பெட்டியின் பொத்தானை ஓங்கி அமுக்கினாள்.

விளக்கு எரிந்தது. உள்ளே டிக் என்றது. குரல் வரவில்லை.

மறுபடி அமுக்கினாள். டிக்.

லேப்டாப்பைப் பார்த்தாள். திரை கறுப்பு. அதன் சொந்த பேட்டரி எப்போதோ உப்பிப்போய்க் கழற்றி எறிந்தாயிற்று, சுவர் மின்சாரத்தில்தான் உயிர் வாழ்ந்தது. எஸ்கில் பிடுங்கியது அதன் பிளக்கை.

"ஐயோ, உன்னோடதா? இதோ மாட்டிடறேன்" என்று எஸ்கில் கரண்டியோடு குனிந்தான்.

"தொட்ட, கைய ஒடைப்பேன்" என்றாள் தோருன். எஸ்கில் கரண்டியோடு அப்படியே நின்றான். இரும்பில் வாஃபிள் கருகியது.

லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவே கிடந்த கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதில் நான்கு ஒயர்கள். பேசுவதற்கு மூன்று போதும். நான்காவதான சிவப்பு ஒயர் மின்சாரம் கொண்டுபோவது. யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை, அந்த ஆபீஸில் எல்லாக் கேபிளும் அப்படித்தான். பெட்டிக்குத்தான் சொந்த பேட்டரி இருக்கிறதே என்கிற நினைப்பு. ஆனால் இத்தனை நாளும் லேப்டாப் அந்தச் சிவப்பு ஒயர் வழியாகப் பெட்டிக்குத் திருட்டுத்தனமாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஃபிரீசருக்குள் கூட. நோயாளியைப் பார்க்கப் போனவளே பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஊட்டிக்கொண்டு, தெம்பாகத்தானே இருக்கிறான் என்று ஊருக்குச் சொன்ன கதை. மலைமேல் குட்முன்னுக்கு லேப்டாப் ஏது?

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் ஜெயித்தது.

சிவப்பு ஒயரை மட்டும் அறுத்துவிட்டு லேப்டாப்பை மறுபடி போட்டாள். இப்போது பெட்டி தன் பேட்டரியில் நிற்க, நடப்பதெல்லாம் திரையில் ஓடியது. எல்லோரும் மூன்றரை மணிக்கே வார விடுமுறைக்கு மலைவீடுகளுக்குக் கிளம்பிவிட, எஸ்கில் மட்டும் பிராயச்சித்தம் போலக் கூட உட்கார்ந்தான். விஷயம் இதுதான். பேட்டரி மின்சாரத்தைச் சீராக்கி மோடத்துக்குக் கொடுக்கும் ஒரு சில்லு, மிச்சம் பிடிப்பதற்காக அதுவும் அரைத் தூக்கத்தில் இருக்கும். பொத்தானை அமுக்கியதும் லினக்ஸ் முதலில் மோடத்தைத் தட்டி எழுப்பியது. மோடம் எழுந்த எழுச்சியில் ஒரே வாயாகக் குடிக்கப் பார்த்தது. அரைத் தூக்கச் சில்லுக்கு அதைத் தாங்கும் தெம்பில்லை, மின்னழுத்தம் தடாலென்று விழுந்தது. பாதுகாப்பு ஸ்விட்ச் டிக்கென்று மோடத்தின் இணைப்பையே துண்டித்தது. எத்தனை தடவை அமுக்கினாலும் ஸ்விட்ச் இணைத்துப் பார்த்து மறுபடி டிக்கென்று துண்டித்துவிடும், குரல் கொடுக்க மோடமே இருக்காது.

வரிசைதான் தப்பு. தோருன் அதை மாற்றி எழுதினாள். முதலில் சில்லு எழுந்து நிலையாக நிற்கட்டும், பிறகு மோடத்தின் கதவைத் தட்டு. அமுக்கினாள். டிக் இல்லை. மோடம் எழுந்தது. எஸ்கில் கருகிய வாஃபிளை நீட்டினான், அதையும் வாங்கித் தின்றாள்.

திங்கட்கிழமை வேகார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பாராட்டினான், மனதாரத்தான். பிறகு, கேபிள் சமாச்சாரத்தையெல்லாம் வெளியே சொல்ல வேண்டாம், 'மென்பொருளில் சிறு மேம்பாடு' என்று அனுப்பினால் போதும் என்றான்.

"குட்முன் சரியாத்தான் அமுக்கினார்னு ஒரு வரி போடு."

"அத யாரும் இப்ப கேக்கலையே தோருன்."

"அவர் கேக்கறார்."

வேகார் புன்னகை செய்தான். அந்தப் புன்னகைக்குப் பின்னால் கதவு சாத்தியாயிற்று என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தோருன் வாதாடவில்லை. கட்டரை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். தொங்கிய கேபிள் ஒவ்வொன்றையும் பிடித்து, உறையைக் கீறி, சிவப்பு ஒயரை மட்டும் நறுக்கினாள். வேகார் பின்னாலேயே வந்தான்.

"என்ன பண்ற நீ? அதெல்லாம் நல்ல கேபிள்!"

"இனிமே இங்க எந்தப் பெட்டிக்கும் நாம ஊட்டிவிட மாட்டோம். சொந்தக் கால்ல எழுந்தா எழட்டும், விழுந்தா விழட்டும். விழறத நாம நம்ம கண்ணால பார்க்கணும்." கடைசியாக வேகாருடைய மேசைக் கேபிளையும் நறுக்கி, ஒயர்த் துண்டை அவன் காப்பிக் கோப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

'சிறு மேம்பாடு' என்றே கடிதம் போனது. மீட்புக் குழுவில் கையுறைச் சிரிப்பும் ஓயவில்லை.

சூரியன் தலைகாட்டத் தயங்கும் டிசம்பரில் ஸ்டெய்ன்பூவின் பெட்டியை மாட்ட ஆள் போக வேண்டியிருந்தது. தோருன் லீவு போட்டுக்கொண்டு தானே போனாள். பனி ஸ்கூட்டரின் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில், கலைமான் தோல் போர்த்தி, ஊன்றுகோலோடு குட்முன். வழியெல்லாம் அவளுடைய ஓட்டும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வந்தார்.

குடிலுக்குள் வெளியே இருந்த அதே குளிர். தோருன் பெட்டியைச் சுவரில் திருகிப் பேட்டரியை மாட்டினாள். வேண்டுமென்றேதான் லேப்டாப்பைக் கொண்டுவரவில்லை. மோடம் நன்றாகத் தூங்கட்டும் என்று அடுப்பு மூட்டி, காப்பி போட்டு, இருவரும் குடித்து முடித்தார்கள். குட்முன் எழுந்து நின்று வலது கையுறையைக் கழற்றப் போனார்.

"போட்டுக்கிட்டே அமுக்குங்க" என்றாள் தோருன்.

கிழவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கையுறையை முழங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டு அமுக்கினார். விளக்கு எரிந்தது. டிக் கேட்கவில்லை. கரகரவென்று ஏதோ வந்தது. பிறகு தெளிவாக ஓர் ஆண்குரல்: "மலை மீட்புக் குழு. யாரு பேசறது?"

அங்கே கட்டுப்பாட்டு அறையில் மொத்தக் குழுவுக்கும் கேட்கட்டும் என்று குட்முன் பெட்டியின் அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"ஸ்டெய்ன்பூலேர்ந்து குட்முன் பேசறேன். கையுறையோடதான் அமுக்கியிருக்கேன். அக்டோபர்லயும் நான்தான்பா அமுக்கினேன்."