ஒயிட்ஃபீல்டு கிடைத்துவிடும்

கிடைத்த இடத்தை ஏற்பதா, அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதா என்ற சாய்ஸைப் பதிவு செய்ய அன்று மாலைதான் கடைசி. மதியத்துக்கு மேல் சேகர் தன் மகள் நந்தினியுடன் பழைய தங்கச் சுரங்கப் பகுதியான கோரமண்டலில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். பக்கத்திலுள்ள சாம்பியன் ரீப்ஸிலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவர்.

நான் ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியன். பொறியியல் கவுன்சலிங் காலத்தில், முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் ரேங்குகளை வைத்து, எந்தச் சுற்றில் எந்த இடம் கிடைக்கலாம் என்று இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மதிப்பிட்டுச் சொல்கிறேன். என் மனைவி சரோஜா அருகில் அமர்ந்திருப்பாள். இந்த ஆண்டு கவுன்சலிங் தொடங்குமுன் இறந்துவிட்டாள். வேலையை நான் நிறுத்தவில்லை.

முதல் சுற்றில் நந்தினிக்கு மூன்றாம் ஆப்ஷன் கிடைத்திருந்தது: கன்டோன்மென்ட் அருகே ஒரு கல்லூரியில் எலக்ட்ரிக்கல்.

“சாய்ஸ் டூ போட்டுடலாம் சார். இந்த சீட்டு கையில கீது. மேல இருக்கறது வந்தா வரட்டும். ஒயிட்ஃபீல்டு வருமா, அத்த மட்டும் சொல்லுங்க,” என்றார் சேகர்.

முதல் ஆப்ஷன் ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டாவது கிருஷ்ணராஜபுரத்தில் அதே பாடம். முன்வரிசை ரேங்க்காரர்கள் மருத்துவத்துக்குப் போய்விட்டால், இரண்டாம் சுற்றில் பின்வரிசைக்கும் இடம் வரும். கணக்கிட்டேன். ஜன்னல் வரை நடந்து திரும்பி, மறுபடியும் கணக்கிட்டேன்.

“பெரும்பாலும் கிடைத்துவிடும்.”

“பார்த்தியா பாப்பா!” என்றார் சேகர். நந்தினி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மீண்டும் திறந்தாள்.

இதற்குள் சரோஜா ஒரு கேள்வி கேட்டிருப்பாள். அவள் நாற்காலி காலியாக இருந்ததால் நான் கேட்டேன்.

“வந்தா சேருவியாம்மா?”

“மாட்டேன் சார். எனக்கு எலக்ட்ரிக்கல்தான் வேணும்.”

“அப்புறம் ஏன் அதை மூணாவதா போட்ட?”

“நான் எங்க போட்டேன்? ரயில் நிக்கற வரிசையில அப்பா போட்டாரு. ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம், கன்டோன்மென்ட். டைம்டேபிளப் பார்த்துப் போட்டாரு, என்னப் பார்த்துப் போடல.”

“தினம் நின்னுகினே போறவனுக்குத்தான்டி தெரியும், முன்னாடியே எறங்கறதுன்னா இன்னான்னு!” என்ற சேகர், என் பக்கம் திரும்பினார். “எது வந்தாலும் இந்த சீட்டு இருக்கும்ல சார்?”

“மேல இருக்கறது வரலைன்னாதான் இருக்கும். வந்துட்டா இது தானாவே ரத்து. திரும்பக் கேட்க முடியாது.”

“அப்ப ஒயிட்ஃபீல்டு வரும்னு நீங்க சொன்னது நல்ல சேதி இல்ல,” என்றார் சேகர். பிறகு மகளிடம், “நின்னுகினே போவியா?”

“நீங்க போறீங்கல்ல?”

“வாய மட்டும் பாரு. சாய்ஸ் ஒன் போடு. இதுவே போதும்னு முடிச்சுடு.”

ஓ.டி.பி. வரவில்லை. சேகர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். கடைசியில் வந்தது, அவள் பதிவு செய்தாள்.

இரண்டாம் சுற்று முடிவு வெளியான அன்று, அவசியமில்லாமலே காலையிலிருந்து தளத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒயிட்ஃபீல்டின் கடைசி ரேங்க் நந்தினியின் ரேங்கைத் தாண்டிப் போயிருந்தது. சாய்ஸ் டூ கொடுத்திருந்தால் ஒயிட்ஃபீல்டு வந்து எலக்ட்ரிக்கல் போயிருக்கும். என் மதிப்பீடு சரி.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: வாய்ப்பு எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. ‘வந்தா சேருவியா’ என்ற முதல் கேள்வியை இப்போது நானே கேட்கிறேன். பதில் வரும்வரை சரோஜாவின் நாற்காலியைப் பார்க்காமலிருக்கப் பழகி வருகிறேன்.