ஜன்னலில் ஒட்டிய விலைப்பட்டியல்

என்சியோ ரவுத்தியோ படங்களுக்கு விலை வைக்கும்போது முதலில் பென்சிலால்தான் எழுதுவார். அந்தத் தாளைக் காப்பிக் குடுவைக்கு அடியில் செருகிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் காலையில் ஒவ்வொரு எண்ணையும் அழித்து, இரண்டு யூரோ குறைத்து எழுதுவார். குறைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருடைய போட்டோ ஸ்டுடியோவில் படச் சட்டங்களுக்கு அட்டை வெட்டிய பதினெட்டு வருடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கயானி ஊரில் பள்ளி முடித்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். சொந்தக்காரர்களுக்கு அனுப்பச் சின்னப் படம் இருபது, முப்பது வாங்குவார்கள். மே கடைசியில் வரும் அந்தப் பணத்தில்தான் கடை வருடம் முழுதும் ஓடும்.

அந்த வருடம் வாடகை ஏறியது.

"இந்தத் தொப்பி சீசன் போச்சுன்னா சாவியக் குடுத்துட வேண்டியதுதான்," என்றார் என்சியோ. பட்டியலை முதன்முறையாகக் கணினியில் அடித்தார். எதையும் குறைக்காமல் ஜன்னலில் ஒட்டினார்.

சின்னப் படம் நாற்பத்தைந்து யூரோ என்றிருந்தது. முந்தைய வருடம் ஒன்பது. நான் வாசித்துவிட்டு அட்டை வெட்டப் போனேன்.

ஜனங்கள் வந்து நின்றார்கள், வாசித்தார்கள், போனார்கள். ஒரு பெண், "அம்மா, இங்கதான?" என்று கேட்டாள். "பேசாம வா," என்றாள் தாய். அந்த மாதம் ஆறு குடும்பம்தான் உள்ளே வந்தது. அவர்களும் பெரிய படம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"எல்லாம் போன்லயே எடுத்துக்கிறாங்க," என்றார் என்சியோ.

ஜூனில், தொப்பிகள் பெட்டிக்குள் போன பிறகு, பக்கத்து இரும்புக்கடை ரெய்யோ வந்தார்.

"ஏம்பா, நாப்பத்தஞ்சு யூரோவுக்குத் தொப்பியும் சேத்துத் தர்றியா?"

"எதுக்கு நாப்பத்தஞ்சு? சின்னப் படம் பதினொண்ணுதான்."

"வெளிய போய்ப் படி."

என்சியோ போய்ப் படித்தார். எண்கள் ஒரு வரி தள்ளி விழுந்திருந்தன. நடுத்தரப் படத்தின் விலை சின்னதற்கு நேரே நின்றது.

"எப்பப் பாத்தே?"

"ஒட்டின அன்னைக்கே. உன் கடை, உன் விலை. நான் என்னத்தச் சொல்ல?"

என்சியோ என் பக்கம் திரும்பினார்.

"நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"இந்தத் தடவ துணிஞ்சு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"ம்," என்றார்.

திட்டவில்லை. ஆகஸ்டில் சாவியைக் கொடுத்தார்.

இப்போது அங்கே செல்பேசி பழுது பார்க்கிறார்கள். என்சியோ மர ஆலையில் பலகை அடுக்குகிறார். நான் பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். சந்தையில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையசைத்துக்கொள்கிறோம்.