நான்கு தீவுகளுக்குப் பன்னிரண்டு பல்செட்டு

என் அத்தை பல்செட்டுக் கட்டுபவர். பெரியாஸ்பத்திரி டாக்டர் பல்லைப் பிடுங்கி அனுப்புகிற வாய்களுக்கெல்லாம் மறுபடி பல் முளைப்பது அத்தை வீட்டுப் பின்னறையில்தான். அங்கே ஒரு மேஜை, ஒரு சின்ன மோட்டார், ரோஜா நிற மெழுகை உருக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு. ஜன்னலோரம் வரிசையாகத் தாடை அச்சுகள். சிறுவயதில் நாங்கள் எட்டிப் பார்த்தால், "வாயைத் திற, அச்சு எடுக்கணும்" என்று விரட்டுவார். ஊரில் அவர் பெயர் பல்லத்தை. அவரைவிட மூத்த மீன்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய நாலாம் நாளே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மா புலம்புவதைக் கேட்டு அத்தை சொன்னார்: "எங்கேயாவது போகணும், அவ்வளவுதானே? என்னோட தீவுக்கு வா. பெட்டி தூக்க ஆள் வேணும்."

எங்கள் கடலில் முந்நூற்றுச் சொச்சம் தீவுகள். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் மணலையும் பவளத்தையும் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுப்பார்கள். அத்தை வாய்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். சுகாதார இலாகா வருடத்துக்கு இரண்டு முறை அவருக்குப் படகு கொடுக்கும்: ஒருமுறை அச்செடுக்க, ஒருமுறை கட்டிய பல்லைக் கொண்டுபோய்ப் பொருத்த. இரண்டாவது பயணத்துக்கு ஆறே நாள். அதற்குப் பிறகு காற்று மாறிவிடும். நான்கு மாதம் சின்னப் படகுகள் போகாது.

அந்த வருடம் பன்னிரண்டு செட்டு தயார். தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் அவை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. சந்தைத் தீவுக்கு ஐந்து, உப்பளத் தீவுக்கு நான்கு, பள்ளிக்கூடத் தீவுக்கு இரண்டு. மிச்சம் ஒன்று, கடைக்கோடி மூலையில் ஒரு குட்டித் தீவில் மழை அளக்கிறவருக்கு.

"தீவுக்கு ரெண்டு நாள்," என்றார் அத்தை. "பல்லைக் கையில கொடுத்துட்டு வர முடியாது. போட்டு, சாப்பிட்டு, ஒரு ராத்திரி போனாத்தான் எங்கே உறுத்துதுன்னு தெரியும். அதை அரத்தால ராவிக் கொடுக்கணும்."

நான் விரல் விட்டேன். "அப்போ மூணு தீவுதான். மழைக்காரரை விட்டுடுங்க. பதினோரு பேருக்காக ஒருத்தர்."

"அதுல பாரு, அவருக்கு ரெண்டு நாள் போதாது. ஈறு கரைஞ்சு கிடக்கு. நாலஞ்சு நாள் பக்கத்துல இருந்து ராவி ராவிப் பார்க்கணும்."

"அப்படின்னா இன்னும் சுலபம். விட்டுடுங்க."

அத்தை அந்த ஒற்றை டப்பாவின் தண்ணீரை மாற்றினார். அம்மாதான் பிறகு எனக்கு விஷயத்தைச் சொன்னாள். போன வருடம் அத்தைக்கு நேரம் போதவில்லை. மழைக்காரரின் பல்லைத் தபால் படகில் அனுப்பிவிட்டு, உறுத்தினால் எழுதுங்கள் என்று ஒரு சீட்டும் வைத்தார். 'மிகவும் நன்றாக இருக்கிறது, நன்றி' என்று பதில் வந்தது. இந்த வருடம் அச்செடுக்கப் போனபோது வாயைத் திறந்து பார்த்தால், ஈறு நெடுகப் புண். மனுஷர் நாலு மாதமும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அதைக் கழற்றாமலே இருந்திருக்கிறார். கஷ்டப்பட்டுச் செய்த கையைக் குறை சொல்ல மனசு வரவில்லையாம். அத்தை அன்றைக்கே அந்தச் செட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனாலும் கணக்கு கணக்குதான். மூன்று தீவு என்று முடிவாயிற்று. "இல்லைன்னு சொல்றதை நேர்ல போய்ச் சொல்லணும்," என்று முதல் நாள் காலையில் பன்னிரண்டு டப்பாவையும் ஏற்றிக்கொண்டு அத்தை படகை அந்தக் குட்டித் தீவுக்குத் திருப்பச் சொன்னார்.

மழைக்காரர் படித்துறையில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது.

"வாங்க டாக்டரம்மா."

"டாக்டர் இல்லைங்க, பல்லு கட்டுறவ," என்றார் அத்தை. பிறகு, இந்தத் தடவையும் அவருக்குப் பல்லைப் பொருத்த நாள் இல்லை என்று மெல்லச் சொன்னார்.

"அதுக்கென்னங்க, பரவாயில்லை," என்றார் அவர் உடனே. "கஞ்சி எனக்குப் பிடிக்கும்."

எனக்கு என்னவோ போலிருந்தது. "நீங்க ஏன் எங்களோட படகுல வரக்கூடாது? அத்தை போற இடமெல்லாம் கூடவே போனா, தினமும் பார்த்து ராவிடுவாங்க. திரும்பும்போது இங்கேயே இறங்கிக்கலாம்."

அத்தை என்னையே பார்த்தார். மழைக்காரர் தன் வீட்டு முற்றத்தில் நின்ற, மழை பிடிக்கும் தகரக் குழலைக் காட்டினார். "இதை யார் பார்க்கிறது? தினம் எட்டு மணிக்கு அளந்து ரேடியோவில் சொல்லணும். பதினோரு வருஷத்துல ஒருநாள் விட்டதில்லை."

"நான் பார்க்கிறேன்."

"நீயா?" என்றார் அத்தை. "ஒரு நாற்காலியில முழுசா ஒரு சாப்பாடு சாப்பிட்டிருக்கியாடி நீ?"

படகோட்டி சிரித்தார். மழைக்காரர் சிரிக்கவில்லை. என்னை முழங்காலிட வைத்து, அளவுக் குடுவையைக் கண்மட்டத்தில் பிடிக்கச் சொல்லி, மூன்று முறை தண்ணீர் ஊற்றிப் பரீட்சை வைத்தார். "பூஜ்யம்னாலும் எழுதணும். மழை இல்லைங்கிறதும் ஒரு சேதிதான்." பிறகு ஒரு பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு, படகில் ஏறி, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

அந்தத் தீவை ஒரு சுற்றுச் சுற்ற இருபது நிமிடம். முதல் நாள் ஆறு முறை சுற்றினேன். மறுநாள் எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். மூன்றாம் நாள் பூஜ்யத்தை எழுதிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் விடிய மழை கொட்டியது, முப்பத்திரண்டு மில்லிமீட்டர். இரண்டு தடவை அளந்துவிட்டு ரேடியோவில் சொன்னபோது என் குரல் தேவைக்கு அதிகமாகவே உரக்க இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் படகு வந்தது. மழைக்காரர் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தார். கன்னம் நிரம்பி, வேறு ஆள் போலிருந்தார். இறங்கியதும் நோட்டைக் கேட்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். "சரியா இருக்கு" என்று மூடினார்.

நான் அத்தையைக் கேட்டேன்: "மத்த பதினோரு பேரும்?"

"எல்லாம் ஆச்சு. சந்தைத் தீவு தையல்காரர் போட்ட கையோட பொண்டாட்டியைத் திட்டினார். அவ்வளவு நல்லாப் பொருந்திடுச்சு."

"இவருக்கு?"

அத்தை வாயைத் திறக்குமுன் மழைக்காரரே தொண்டையைக் கனைத்தார். "டாக்டரம்மா, இடது பக்கம், கீழே, கடைசியில... இன்னும் கொஞ்சம் உறுத்துது."

"அய்யோ, மறுபடியுமா!" என்றார் படகோட்டி. "முதல் ரெண்டு நாள் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாரு. அக்கா விடாம, நீங்க குறை சொல்லலைன்னா நான் சாப்பிட மாட்டேன்னு உட்கார்ந்துட்டாங்க. மூணாம் நாள் ஆரம்பிச்சவர்தான். மேலே உறுத்துது, கீழே உறுத்துது, முறுக்குக் கடிச்சா ஆடுது..."

"நீ சும்மா இரு," என்றார் அத்தை. படித்துறையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். உறுத்துகிற இடத்தில் கறை பதிக்கும் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார், கழற்றினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், அரத்தால் இரண்டே இழுப்பு. கழுவிக் கொடுத்தார்.

"இப்போ?"

மழைக்காரர் கடித்தார். தாடையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் ஒரு துளி," என்றார்.

அத்தையின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "அப்படிச் சொல்லுங்க," என்று மறுபடி கையை நீட்டினார். படகோட்டி பெருமூச்சு விட்டு மோட்டாரை நிறுத்தினார்.